உறையும் கடலில் பாக்டீரியாக்களுக்கு என்ன வேலை?

கோபிசெட்டிபாளையத்தில் இளங்கலை நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: "ஐஸில் வைத்தால் மீன் சீக்கிரம் கெடுவதில்லை. குளிரில் பாக்டீரியா வேலை செய்யாது என்பதுதானே காரணம்? அப்படியானால் அண்டார்க்டிக், ஆர்க்டிக் கடல்களில் பாக்டீரியாக்களின் பங்கு மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? கடல் சூடானால் அந்தப் பங்கு கூடுமா? நம் ஊரில் இருந்துகொண்டு இதை ஆராய வழி உண்டா?"

துருவக் கடல்களில் பாக்டீரியாக்களின் பங்கு குறைவா என்ற கேள்விக்கு விடை, அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே. குளிர்கடல் பாக்டீரியாக்கள் குளிரால் முடங்கிக் கிடப்பவை என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையேகூட நெடுநாள் இருந்தது. கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில், குளிரைவிடப் பசியே அவற்றைப் பெரிதும் கட்டிப்போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மீனையே எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரம், தூத்துக்குடி, கேரளக் கரைகளிலிருந்து ஐஸ் பெட்டிகளில் உக்கடம் மீன் அங்காடிக்கு வரும் மீன் நாள்கணக்கில் தாங்குகிறது. அதன் செவுளிலும் தோலிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் 28 டிகிரி நீரில் வாழப் பழகியவை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வட அட்லாண்டிக்கில் பிடித்த காட் மீனை அதே ஐஸில் வைத்தால் பொதுவாக அதைவிட விரைவில் கெட்டுவிடுகிறது. ஏனெனில் அதன்மேல் இருக்கும் ஷீவனெல்லா, ஃபோட்டோபாக்டீரியம் போன்ற இனங்களுக்கு 0 டிகிரி அன்றாடம் பழகிய வெப்பநிலைதான். ஆக, ஐஸ் பெட்டி நிறுத்திவைப்பது வெப்பக் கடலின் பாக்டீரியாக்களை மட்டுமே.

குளிர்கடல் என்றவுடன் துருவங்கள் மட்டும் நினைவுக்கு வருவதும் சரியன்று. உலகக் கடல்நீரின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு 5 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான குளிரில்தான் இருக்கிறது. வெப்ப நீர் என்பது மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படலம். அண்டார்க்டிக் கரையோரம் கடல்நீர் உறையும்போது ஐஸிலிருந்து வெளியேறும் உப்பால் கனத்து மூழ்கும் நீர், அடித்தளம் வழியாக வடக்கே பரவி இந்தியப் பெருங்கடலுக்குள்ளும் வருகிறது. சித்திரையில் ஈரோடு 40 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும் நாளிலும், வங்கக் கடலின் 3000 மீட்டர் ஆழத்துக்குக் கீழே நீர் 2 டிகிரியை ஒட்டியே இருக்கும். பூமியில் உயிர்கள் வாழும் இடங்களில் மிகப் பெரியது இந்தக் குளிர்நீர்தான். அதில் எண்ணிக்கையால் மேலோங்கி நிற்பவை பாக்டீரியாக்களும், அவற்றைப்போலவே சிறிய ஒற்றைச் செல் உயிர்களானாலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஆர்க்கியாக்களும். மேற்பரப்புக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் பாக்டீரியா செல்கள் வரை இருக்கும். ஆழத்தில் அது பல மடங்கு குறையும், ஆனால் ஒருபோதும் இல்லாமல் போவதில்லை.

இவை குளிரில் எப்படி இயங்குகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. அது இறுகிவிட்டால் உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. காங்கயத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் கட்டியாகிவிடுகிறது, நல்லெண்ணெய் ஆவதில்லை. முன்னதில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் மிகுதி, பின்னதில் நிறைவுறாதவை மிகுதி. குளிர்விரும்பி பாக்டீரியாக்கள் தங்கள் சவ்வில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொண்டு அதை இளக்கமாக வைத்திருக்கின்றன. அவற்றின் நொதிகளும் தளர்வான கட்டமைப்பு உடையவை. அதனால் குறைந்த வெப்பத்திலும் வளைந்து வேலை செய்கின்றன, ஆனால் சற்றுச் சூடானாலே குலைந்துவிடுகின்றன. ஆர்க்டிக் வண்டலிலிருந்து பிரித்தெடுத்த கோல்வெல்லியா சைக்ரெரித்ரேயா என்ற பாக்டீரியா மைனஸ் 10 டிகிரியிலும் நீந்துவதை ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். அலாஸ்காவின் பாரோ முனையருகே கடல் ஐஸிலிருந்து கிடைத்த சைக்ரோமோனஸ் இங்ராமி மைனஸ் 12 டிகிரியில் வளர்கிறது. அங்கே அது ஒருமுறை இரட்டிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 240 மணி.

இனி, இவற்றின் வேலை. கடலில் உணவு உற்பத்தி என்பது பெரும்பாலும் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை. பாசியைச் சிறு விலங்குகளும், அவற்றை மீன்களும் தின்னும் என்ற நேர்க்கோட்டுச் சங்கிலியைத்தான் பள்ளியில் படிக்கிறோம். ஆனால் பாசி உற்பத்தி செய்யும் கார்பனில் கணிசமான பகுதி யார் வாயிலும் விழாமல் கரைந்த கரிமப் பொருளாக நீரில் கசிந்துவிடுகிறது. பாசியின் கசிவு, தின்னப்படும்போது சிந்துவது, கழிவு, வைரஸால் செல் வெடிப்பது எல்லாம் இதில் சேரும். கரைந்த பொருளை மீனாலோ, இறால்போன்ற சிற்றுயிரான கிரிலாலோ உண்ண முடியாது, பாக்டீரியாவால் முடியும். பாக்டீரியாவை நுண்கசையிகள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் தின்ன, அவற்றைக் குறுயிழையிகள் என்ற சற்றுப் பெரிய ஒற்றைச் செல் உயிர்கள் தின்ன, அவற்றைக் கோபெபாடுகள் என்ற மிகச் சிறிய ஓட்டுடலிகள் தின்ன, சிந்திய கார்பன் ஒரு பகுதி மீண்டும் சங்கிலிக்குள் வருகிறது. 1974-இல் லாரன்ஸ் பொமராய் இந்தப் பார்வைக்கு வழி திறந்தார். 1983-இல் ஃபாரூக் ஆசமும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு 'நுண்ணுயிர் வளையம்' என்று பெயரிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியிலும் கார்பனின் பெரும்பகுதி சுவாசத்தில் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும் என்பது. எனவே பாக்டீரியா எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே, மேலே உள்ள திமிங்கலத்துக்கும் அடித்தளத்துக்கும் எவ்வளவு மிஞ்சும் என்பது அமைகிறது.

இங்கேதான் குளிர் பற்றிய வாதம் தொடங்குகிறது. 1986-இல் பொமராயும் டான் டீபலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோர நீரில் வசந்தகாலப் பாசிப் பெருக்கத்தை ஆராய்ந்து, நீர் 0 டிகிரியை ஒட்டி இருக்கையில் பாசி நன்றாக வளர்ந்தும் பாக்டீரியாவின் செயல்பாடு மிகக் குறைவாகவே இருந்ததைக் காட்டினார்கள். பாக்டீரியா பின்தங்குவதால் பாசியின் பெரும்பகுதி விலங்குகளுக்கும் கடலடிக்கும் நேரே போய்ச் சேர்கிறது. குளிர்கடல்களில் மீன்வளம் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்களது கருத்து. அழகான கருத்து, பலரும் அதைக் 'குளிர் பாக்டீரியாவை நிறுத்திவிடுகிறது' என்று சுருக்கிக்கொண்டார்கள். ஆனால் அதே பொமராய், வில்லியம் வீபுடன் சேர்ந்து செய்த பிந்திய ஆய்வுகளில், தாழ்வெப்ப நிலையிலும் உணவின் செறிவைக் கூட்டினால் பாக்டீரியாக்கள் கணிசமாக வளர்கின்றன என்று கண்டார். குளிரில், உணவை உள்ளே இழுக்கும் சவ்விலுள்ள கடத்துப் புரதங்களின் பிடிப்புத் திறன் குறைகிறது. அதனால் நீர்த்துப்போன உணவை உறிஞ்ச முடிவதில்லை, செறிவான உணவு கிடைத்தால் குறை தீர்கிறது. குளிர் அங்கே பசியின் உருவத்தில்தான் வந்து நிற்கிறது. அண்டார்க்டிக்கின் ராஸ் கடலில் பாசி பெருகிப் பல நாள்கள் கழித்தே பாக்டீரியா பெருகுவதும், அங்கே பாக்டீரியாவின் உற்பத்தி பாசி உற்பத்தியில் சில விழுக்காடாகவே நிற்பதும் இந்தப் பார்வையில் விளங்குகின்றன.

ஆழ்கடலிலிருந்து ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1968 அக்டோபரில் ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி, கப்பலிலிருந்து இறக்கும்போது கம்பி அறுந்து, ஏறத்தாழ 1540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள்; அவர்களுடைய மதிய உணவு உள்ளேயே இருந்துவிட்டது. பத்து மாதம் கழித்து மீட்டபோது, ரொட்டியும் இறைச்சியும் ஆப்பிளும் நனைந்திருந்தனவே தவிர, உண்ணும் நிலையிலேயே இருந்தன. 'ஆழ்கடல் ஒரு குளிர்சாதனப் பெட்டி' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே உணவை 3 டிகிரியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுவிட்டது. ஹோல்கர் யானஷ் குழுவினர் தொடர்ந்து செய்த சோதனைகளில், ஆழத்தில் வைத்த மாதிரிகளில் சிதைவு அதே குளிரில் மேற்பரப்பு அழுத்தத்தில் நடப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு மெதுவாக இருந்தது. மேற்பரப்பிலிருந்து போன பாக்டீரியாக்களை நிறுத்தியதில் அழுத்தத்தின் பங்கு பெரிது. ஆழ்கடலில் பிறந்து வளரும் இனங்களுக்கு அந்த அழுத்தமும் தடையில்லை.

எண்ணெய்க் கசிவுகளும் இதையே சொல்கின்றன. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து அலாஸ்காவின் குளிர்ந்த கரைகளில் நாலு கோடி லிட்டர் அளவுக்குக் கச்சா எண்ணெய் கொட்டியது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்தக் கூழாங்கல் கரையில் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்குக் கார்பன் மலையாகக் குவிந்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் போதவில்லை. கரைகளில் உரம் இட்டார்கள், சிதைவு வேகமெடுத்தது. யூரியா மூட்டை சுமக்கும் கைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது, 1100 மீட்டர் ஆழத்தில் 5 டிகிரி நீரில் பரவிய எண்ணெய்ப் படலத்திலும் குளிர்தாங்கி பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகி அதைச் சிதைத்தன.

கடல் ஐஸ் இன்னொரு உலகம். நீண்டகாலச் சராசரியில், அண்டார்க்டிக்கைச் சுற்றிப் பிப்ரவரியில் ஏறத்தாழ 30 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கும் ஐஸ், செப்டம்பரில் 180 லட்சத்தைத் தாண்டும்; அண்மை ஆண்டுகளில் இரண்டுமே இதைவிடக் குறைந்திருக்கின்றன. கடல்நீர் உறையும்போது உப்பு முழுவதும் வெளியேறுவதில்லை. ஐஸ் படிகங்களுக்கிடையே மயிரிழைக் கால்வாய்களில் அடர்ந்த உப்புநீர் தங்கிவிடுகிறது. ஐஸ் குளிரக் குளிர உப்புநீர் இன்னும் அடர்ந்து, மைனஸ் 20 டிகிரியில் கடல்நீரைப்போல் ஆறு மடங்கு உப்பாகிறது. ஆர்க்டிக் குளிர்கால ஐஸில் அந்த வெப்பநிலையிலும் செயலோடு இருக்கும் பாக்டீரியாக்களைக் கண்டிருக்கிறார்கள். அவை கொழகொழப்பான சர்க்கரைப் பிசினைச் சுரந்து தங்களைச் சுற்றிக்கொள்கின்றன. அது உப்பையும் படிகத்தையும் தள்ளிவைக்கிறது, கால்வாய் அடைபடாமலும் காக்கிறது. ஐஸின் அடிப்பக்கத்தைப் பழுப்பாக்கும், சிலிக்கா ஓடுடைய டையாட்டம் பாசிகள் அதே கால்வாய்களில் வாழ்கின்றன. இந்த நெருக்கத்தில் பசி குறைவு, ஏனெனில் பாசி கசியவிடும் உணவு கலைந்துபோகாமல் பக்கத்திலேயே தேங்குகிறது. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் ஐஸின் அடியைச் சுரண்டித் தின்பது இந்தக் கூட்டு விளைச்சலைத்தான்.

பாக்டீரியா என்றால் மட்கச் செய்வது மட்டுமே என்று நினைப்பவர்கள், அண்டார்க்டிக்கைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் இரும்பு படும் பாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிஞ்சிக் கிடக்கின்றன, ஆனால் பாசி அதற்கேற்ப வளர்வதில்லை. இரும்பு இல்லாததே காரணம் என்று ஜான் மார்ட்டின் 1980-களின் இறுதியில் வாதிட்டார், பிந்திய சோதனைகள் அதை உறுதிசெய்தன. ஒரு லிட்டர் நீரில் பத்து நானோகிராம் அளவில்தான் கரைந்த இரும்பு இருக்கும். ஈரோட்டு மஞ்சள் விவசாயிகள் சூடோமோனாஸ் கலந்து விதைக்கிழங்கை நேர்த்தி செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாக்டீரியா நோயை அடக்கும் வழிகளில் ஒன்று, சிடெரோஃபோர் என்ற மூலக்கூறைச் சுரந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு நோய்ப் பூஞ்சைக்கு இல்லாமல் செய்வது. கடல் பாக்டீரியாக்கள் பலவும் அதே வகை மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. கடலில் கரைந்திருக்கும் இரும்பு கிட்டத்தட்ட முழுவதும் இப்படிப்பட்ட கரிம மூலக்கூறுகளோடு பிணைந்தே இருக்கிறது. பிணைப்பு இல்லாவிட்டால் அது துருவாகிக் கீழே போய்விடும். ஆக, பாக்டீரியா இரும்புக்காகப் பாசியோடு போட்டியிடுகிறது, அதே இரும்பை நீரில் தக்கவைத்தும் தருகிறது. கிரில் கழிவிலும் இறந்த பாசியிலும் அடைபட்ட இரும்பை விடுவித்து மறுசுழற்சிக்குக் கொண்டுவருவதும் இந்த நுண்ணுயிர்க் கூட்டமே.

இந்த இடத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2009-இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று, தென்பெருங்கடலின் அட்லாண்டிக் பகுதியில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைத் தூவிப் பார்த்தன. லோஹாஃபெக்ஸ் என்பது அந்தச் சோதனையின் பெயர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நம் நிலங்களில் மஞ்சள் இலை வெளுத்தால் தெளிக்கிறோமே, அதே அன்னபேதிதான். பாசி பெருகியது, ஆனால் அங்கே சிலிக்கா குறைவு என்பதால் ஓடுடைய டையாட்டம் வளரவில்லை, வளர்ந்த மென்பாசியைக் கோபெபாடுகள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். இரும்பைக் கொட்டிக் காற்றிலுள்ள கார்பனைக் கடலடியில் புதைத்துவிடலாம் என்று இன்றும் பேசுபவர்கள் இந்த முடிவை ஏனோ எளிதில் கடந்துபோகிறார்கள்.

இரும்புக்கு அடுத்தது வைட்டமின் பி12. இதை உண்டாக்கும் ஆற்றல் சில பாக்டீரியாக்களுக்கும் ஆர்க்கியாக்களுக்கும் மட்டுமே உண்டு. பாசி இனங்களில் ஏறத்தாழப் பாதி இதை வெளியிலிருந்து பெற வேண்டியவை. வெப்பக் கடல்களில் மிகுந்திருக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் துருவக் கடலில் அரிது என்பதால், அங்கே மற்ற பாக்டீரியாக்களின் கையை எதிர்பார்த்தே பாசி வாழ்கிறது. 2007-இல் வெளிவந்த ராஸ் கடல் ஆய்வு ஒன்றில், இரும்பை மட்டும் சேர்த்ததைவிட இரும்போடு பி12-ஐயும் சேர்த்தபோது சில இடங்களில் பாசி கூடுதலாக வளர்ந்தது. பாசி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை தருகிறது, பாக்டீரியா பாசிக்கு வைட்டமின் தருகிறது. பாக்டீரியா பட்டினி கிடந்தால் பாசியின் வளர்ச்சியும் அங்கே தடைப்படும் என்பதே இதன் பொருள்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கிறேன். துருவ நீரின் ஃபீயோசிஸ்டிஸ் பாசி சேர்த்துவைக்கும் கந்தகச் சேர்மத்தைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது டைமெத்தில் சல்ஃபைடு வாயு வெளியாகிறது. அது காற்றில் மாறி மேகத்துளிகளுக்குக் கருவாகிறது. பாக்டீரியாவைப்போல் பத்து மடங்கு எண்ணிக்கையில் இருக்கும் வைரஸ்கள் அவற்றை இடைவிடாமல் வெடிக்கவைத்து, சத்துகளை மீண்டும் நீருக்கே திருப்புகின்றன. பாக்டீரியாவால் எளிதில் தின்ன முடியாத எச்சங்கள் கரைந்த கரிமப் பொருளாகச் சேர்ந்து, இன்று உலகக் கடல்களில் 660 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) அளவில் கார்பன் அப்படி நிற்கிறது. ஆழ்கடலில் அதன் சராசரி வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

கடல் சூடானால் பாக்டீரியாவின் பங்கு கூடுமா என்ற கேள்விக்கு, வெப்பமானி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்லக் கூடாது. வெப்பம் கூடினால் சுவாசம் விரைவுபடும் என்பது உண்மை. உணவு கூடாமல் வெப்பம் மட்டும் கூடினால் பலன் சிறியதே. ஆர்க்டிக்கில் இரண்டும் சேர்ந்து மாறுகின்றன. உலகக் கடல்நீரில் ஒரு விழுக்காடே கொண்ட அந்தக் கடலில், உலக ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்கு வந்து கலக்கிறது. லீனா, ஓப், எனிசெய், மெக்கன்சி ஆறுகள் உருகும் நிரந்தர உறைநிலத்தின் பழைய கார்பனையும் சுமந்து வருகின்றன. அது பாக்டீரியாவுக்குப் புது உணவு. மறுபுறம், நன்னீர் மேலே மிதந்து கடலை அடுக்குகளாகப் பிரிப்பதால் ஆழத்துச் சத்து மேலே வருவது குறைகிறது. கனடியப் படுகையில் 2004 முதல் 2008 வரை செய்த அளவீடுகளில், மிகச் சிறிய பாசிகளும் பாக்டீரியாக்களும் கூடி, சற்றுப் பெரிய பாசிகள் குறைந்திருந்தன. அப்படிப்பட்ட கடலில் உணவுச் சங்கிலி நீள்கிறது, மேலே உள்ள மீனுக்கு மிஞ்சுவது குறைகிறது.

ஆராயும் வழி பற்றி: கோவாவின் வாஸ்கோவில் உள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம் அண்டார்க்டிக்கில் மைத்ரி, பாரதி நிலையங்களையும், ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையத்தையும் நடத்துகிறது, அங்கே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்கையான காங்ஸ்ஃபியோர்டில் 2014-இல் இண்டார்க் என்ற கடலடிக் கருவித் தொகுதியையும் நிறுவியிருக்கிறார்கள். பயணக் குழுவில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2013-இல் ஆர்க்டிக்கைச் சுற்றிய தாரா கப்பல் திரட்டிய நுண்ணுயிர் மரபுத் தொகுதித் தரவுகள் யாரும் பயன்படுத்தும்படி திறந்திருக்கின்றன. கோபியில் ஒரு நல்ல கணினியும் இணையமும் இருந்தால் இன்றே தொடங்கலாம். மாதிரி கையில் கிடைத்தால் மட்டும் சில எச்சரிக்கைகள். கடல் பாக்டீரியாக்களில் அகார் தட்டில் (ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் கூழ்மத் தட்டு) வளர்பவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. கடலில் மிக மலிந்த சார்11 இனத்தையே 2002-இல்தான், ஊட்டமேற்றாத கடல்நீரில் பெரிதும் நீர்த்து வளர்த்து, ஆய்வகத்துக்குள் கொண்டுவர முடிந்தது. எனவே எண்ணுவதற்கு ஃபார்மலினில் நிலைப்படுத்திய நீரைக் கறுப்பு வடிதாளில் வடித்து, ஒளிர்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். வளர்ப்பதானால் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியில் வாரக்கணக்கில் வையுங்கள். உண்மையான குளிர்விரும்பிகள் 20 டிகிரிக்கு மேல் வளர்வதே இல்லை, நம் ஆய்வக மேசையில் அரை நாள் இருந்தாலே பல செத்துவிடும். கடல் ஐஸை ஒருபோதும் அப்படியே உருக விடாதீர்கள். உருகும் நன்னீரில் அந்தச் செல்கள் வெடித்துவிடும். வடிகட்டித் தூய்மையாக்கிய உப்புநீரை முதலில் ஊற்றி, அதற்குள் குளிரிலேயே மெதுவாகக் கரையவிட வேண்டும்.